கட்டை வால்

“கொழும்பில காட்டு விலங்கு ஒண்டு வரையுங்கோ” என்றால் முதலில் சிங்கம் வரும், பிறகு வரிப்புலி. இரண்டும் இலங்கைக் காடுகளில் இல்லை; தெஹிவளை மிருகக்காட்சிசாலையின் ஞாபகம்தான். வெள்ளவத்தைப் பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பிக்கிற எனக்கு இது பழகிப்போனது.

அதனால் நான் கொடுப்புலியில் தொடங்குகிறேன். மீன்பிடிப் பூனை என்பதும் இதுதான்; கொழும்பின் சதுப்புகளிலும் வாழ்கிறது. படத்தை முதலில் காட்ட மாட்டேன், கேள்விதான் கேட்பேன். தண்ணீருக்குள் இறங்கி மீன் பிடிக்கிற பூனைக்குப் பாதம் எப்படி இருக்கும்? ஒருத்தி தாராக் கால் மாதிரி விரலிடையில் சவ்வு போட்டாள். கிட்டத்தட்டச் சரி, ஆனால் சவ்வு அரைவாசிக்குத்தான். நனைந்தால் குளிராதா? அடியில் நெருக்கமான குறுமயிர் இருக்கிறது, மேலே நீள மயிர். சாம்பல் பேஸ்டலைப் பூசித் தேய்த்து, அதன்மேல் கூர்ப் பென்சிலால் கோடு இழுத்தால் அந்த இரண்டு அடுக்கும் கைக்குப் புரிந்துவிடும்.

வாலில்தான் எல்லோருக்கும் பிழைக்கும். வீட்டுப் பூனையின் நீள வாலை ஒட்டிவிடுவார்கள். கொடுப்புலிக்கு வால் கட்டை, உடல் நீளத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்குதான். புள்ளிகளும் சிறுத்தையின் பூவட்டங்கள் அல்ல, வரிசையாக ஓடும் கறுப்புப் பொட்டுகள். இதில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு: சிறுத்தைக் குட்டியென்று பயந்து இதைத் துரத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

(கண்ணீர் விடும் பூமியுருண்டைப் போஸ்டர்கள் எனக்குப் பிடிப்பதேயில்லை. அதை வரைய எந்த விலங்கையும் பார்க்கத் தேவையில்லையே.)

அடுத்த வகுப்பில் டிமை பேப்பரில், அதாவது பெரிய சித்திரத் தாளில், நகரப்படம். பெத்தகான, தியசரு, தலங்கம, பெல்லன்வில-அத்திடிய என்ற சதுப்புகள் எல்லாம் நீலம். இந்தச் சதுப்புகளை வைத்துத்தான் 2018இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. பிறகு கறுப்பால் வீதிகளைப் போடச் சொன்னேன். நீலம் துண்டு துண்டாகப் போயிற்று.

“டீச்சர், இது இரவில எப்பிடி றோட்டைக் கடக்கும்?”

பல கொடுப்புலிகள் கடப்பதில்லை, வாகனத்தில் அடிபட்டுப் போகின்றன. சதுப்பை மண் போட்டு நிரப்புவது இன்னொரு பக்கம். 2012இன் இலங்கைச் சிவப்புப் பட்டியலில் இது அழியும் ஆபத்திலுள்ள இனம்.

கடைசி நாள் ஒரு பையன் தந்த படத்தில் கொடுப்புலியே இல்லை. வீட்டுத் தோட்டத்து மீன்தொட்டி, ஒரு மீன் குறைவு. மதிலில் ஈரப் பாதத் தடம். மதிலுக்கு அப்பால் மறைகிற வால் நுனி மட்டும்.

“முழுசா வரைஞ்சிருக்கலாமே?” என்றேன்.

“அது போயிட்டுது, டீச்சர்.”

வால் கட்டையாகத்தான் இருந்தது.