எல்.டி.இ.: கடைசி ‘இ’க்குத் தமிழ் என்ன?

தோட்டத்துச் சாளையில் இருந்தால் அப்பாருவின் போனில் ‘இ’ என்று காட்டும். கிணற்று மேட்டுக்குப் போனால் ‘எல்.டி.இ.’ ஆகிவிடும். “ஏங்கண்ணு, ரெண்டுலயும் ‘இ’ தான இருக்குது, ஒண்ணு நவுருது, ஒண்ணு ஓடுதே?” என்றார்.

நல்ல கேள்வி. அந்த ஒற்றை ‘இ’ 2ஜி டவரில் வரும் எட்ஜ் என்ற பழைய இணையச் சேவையைக் குறிப்பது. ‘எல்.டி.இ.’ என்பது 4ஜி. எட்ஜ் என்ற சுருக்கத்தின் கடைசி எழுத்தும், எல்.டி.இ.யின் கடைசி எழுத்தும் ஒரே சொல்தான்: எவல்யூஷன் (எல்.டி.இ.யின் விரிவு ‘லாங் டெர்ம் எவல்யூஷன்’). லத்தீனில் சுருட்டி வைத்த ஏட்டை விரிப்பது என்று பொருள். உயிரியலுக்குப் போனது அப்புறம்தான்.

தொலைத்தொடர்பில் இது வியாபாரச் சொல்லும்கூட. செல்போன் வலையமைப்பில் இரண்டு அணிகள் இருந்தன. ஜிஎஸ்எம் தரப்பு எட்ஜில் இதைச் செருகியது; எதிரணியான சிடிஎம்ஏ தரப்பும் தன் இணையச் சேவைக்கு ‘ஈவி-டிஓ’ என்று பெயரிட்டு ‘ஈவி’யில் அதையே வைத்தது. ‘போட்ட டவர் வீணாகாது, எங்கள் தடத்திலேயே வாருங்கள்’ என்பதுதான் இருவர் சொன்னதும். கணினி வலையமைப்புப் பக்கமிருந்து வந்த வைமேக்ஸ் என்ற கம்பியில்லா இணையப் போட்டியாளருக்குப் பழைய டவர் பாசம் இல்லை. பெயரிலும் அந்தச் சொல் இல்லை.

2008 நவம்பரில் சிடிஎம்ஏ தரப்பின் முன்னோடி நிறுவனமான குவால்காம் ஈவி-டிஓவுக்கு அடுத்த படியான யுஎம்பியைக் கைவிட்டு எல்டிஇ பக்கம் வந்தது. சிடிஎம்ஏ இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகும் குறுகிய மண்தடம்) அங்கே முடிந்தது. 2009 டிசம்பரில் ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் எல்டிஇ சேவை தொடங்கியது. 2012 ஏப்ரலில் கொல்கத்தாவுக்கு வந்தது. வேடிக்கை என்னவென்றால், பெயரில் வளர்ச்சி இருந்தாலும் எல்டிஇயின் அலைமுறை புது நடவு. வைமேக்ஸ் எடுத்த ஓஎஃப்டிஎம் வழியைத்தான் (தகவலைப் பல மெல்லிய அலைவரிசைகளில் பிரித்து அனுப்புவது) அதுவும் எடுத்தது.

சரி, தமிழ்? ‘நீண்டகாலப் பரிணாமம்’ என்றால் குரங்குதான் நினைவுக்கு வரும். இலங்கைப் பாடநூல்களில் ‘கூர்ப்பு’ என்பார்கள். தொல்காப்பிய உரியியல் அதற்குத் தரும் பொருள் ‘உள்ளது சிறத்தல்’. பழைய டவரிலேயே வேகம் கூட்டிய எட்ஜுக்கு அது அச்சாகப் பொருந்தும். எல்டிஇக்கு ஒட்டாது. அதில் ‘லாங் டெர்ம்’ என்பதும் மெதுவாக வளர்வதை அல்ல, தொலைவு பார்த்துத் திட்டமிட்டதையே சொல்கிறது. ஆகவே ‘நெடுநோக்குப் படிவளர்ச்சி’ என்பேன். பழைய வலையமைப்பிலிருந்து புதியதற்குப் படிப்படியாகப் போகும் வழியான ‘அப்கிரேடு பாத்’துக்கு நம்மூர்த் ‘தடம்’ போதும். ‘மேம்பாட்டுப் பாதை’ எல்லாம் எதற்கு?

அப்பாருவிடம், “சாளையில இட்டேரி, கெணத்து மேட்டுல தார் ரோடுங்க” என்றேன். கட்டிலைக் கிணற்று மேட்டுக்கே தூக்கிப் போடச் சொல்லிவிட்டார்.