அணைக்காரர் மீனுக்கு விட வேண்டிய வழி: ரீயூனியனில் உள்ள விதி

கோடையில் அமாவாசை நெருங்கினால், பிரெஞ்சுத் தீவான நம் ரீயூனியனின் சென்-பெனுவாவில், மர்சுவான் ஆற்று முகத்துவாரத்தில் வூவ் எனும் மீன்பிடிக் கூடைகளோடு ஆட்கள் நிற்பார்கள். கடலிலிருந்து ஆற்றுக்கு வரும் சிறு மீன்குஞ்சான பிஷிக் ஏறும் நேரம் அது. விலையைக் கேட்டால் தலை சுற்றும்! அவர்கள் கூடைக்குத் தப்பிய குஞ்சு மேலே ஏறி, வளர்ந்து, முட்டையிட வேண்டும். வழியில் அணை இருந்தால்?

பிரெஞ்சு சுற்றுச்சூழல் சட்டத்தொகுப்பின் எல் 214-17ஆம் பிரிவு இதைப் பற்றியது. 2006 டிசம்பர் 30 தண்ணீர்ச் சட்டம் கொண்டுவந்தது. ஆறுகளை அது இரண்டு பட்டியலாகப் பிரிக்கிறது. முதல் பட்டியலில் உள்ள ஆற்றில் மீனுக்கும் மணலுக்கும் குறுக்கே நிற்கும் புதிய கட்டுமானத்துக்கு அனுமதியே கிடையாது. இரண்டாவதில் உள்ள பழைய அணையை, மீன் போய்வரவும் மணல் நகரவும் உடையவர் திருத்தியாக வேண்டும். பட்டியல் வெளியானதிலிருந்து ஐந்து ஆண்டு கெடு. செலவு அவருடையது. ஒருவர் தலையில் மட்டும் தாங்கமுடியாத அளவுக்கு விழுந்தால்தான் நஷ்டஈடு கேட்கலாம்.

மீன் ஏணி என்றதும் சால்மன் துள்ளும் படிக்கட்டு நினைவுக்கு வரும். நம் ஊருக்கு அது பொருந்தாது. பிஷிக் துள்ளுவதில்லை; வாயாலும் வயிற்று உறிஞ்சியாலும் பாறையைப் பற்றி, நீர் வழியும் சுவரில் தொற்றி ஏறும். விலாங்குக் குஞ்சும் ஈரச் சுவரில் ஊர்ந்து ஏறிவிடும். ஆகவே இங்கே வேண்டியது சொரசொரப்பான சரிவும் அதன்மேல் மெல்ல வழியும் நீரும்தான். சுவர் காய்ந்துபோனால், எவ்வளவு தாழ்ந்த அணையானாலும் மலைதான்.

ஏறுவது பாதிக் கதை. பிஷிக்கின் முட்டை பொரிவது ஆற்றில். பொரித்த குஞ்சு சில நாட்களுக்குள் கடலைத் தொடாவிட்டால் சாகும். அதனால்தான் என் பார்வையில் பெரிய விதி பக்கத்திலுள்ள எல் 214-18. அணையைத் தாண்டி ஆற்றின் சராசரி ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது எப்போதும் ஓட வேண்டும் என்கிறது அது. சராசரி நொடிக்கு 4,000 லிட்டர் என்றால், விட வேண்டியது 400 லிட்டர். மின்தேவை உச்ச நேரத்துக்கான அணைகள் சிலவற்றுக்கு இருபதில் ஒன்று. தேவைப்படும் இடத்தில் அணையின் வாய்க்காலுக்குள் மீன் நுழையாதபடி தடுப்பும் வைக்க வேண்டும்.

பழைய அணைகளுக்கு இதற்கான கெடு 2014 ஜனவரி 1-லேயே முடிந்தது. மீறினால் பிரெஃபே (அரசின் உள்ளூர்ப் பிரதிநிதி) எச்சரிக்கைக் கடிதம் அனுப்பலாம், நாள் கணக்கில் அபராதமும் போடலாம்.

அணை போதிய நீர் விடவில்லை என்று புகார் தருவோர் ஒன்றைக் கவனிக்கவும். அணைக்கு மேலே வரும் நீரே அந்த அளவுக்குக் குறைவாக இருந்தால், வந்ததை அப்படியே விட்டால் போதும். காய்ந்த படுகை மட்டும் சாட்சியாகாது. நம் எரிமலை மண்ணில் நீர் தானாகவே உள்ளே இறங்கிவிடும் இடங்களும் உண்டு. ஆகவே அணைக்கு மேலேயும் கீழேயும், ஒரே நாளில், படம் எடுத்து அனுப்புங்கள்.