உயிர் தோன்ற ஈரம் மட்டும் போதுமா?

இரண்டு அமினோ அமிலங்கள் இணையும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். புரதம் என்பதே இப்படிக் கோத்த நீளமான சரம்தான். மரபுச் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. சரமும் அப்படியே: ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு நீர் மூலக்கூறு கழன்றாக வேண்டும். சுற்றிலும் தண்ணீராகவே இருக்கும் கடலுக்குள் இது எப்படி நடக்கும்? அங்கே வினை தலைகீழாகத்தான் ஓடப் பார்க்கும். நீர் உள்ளே புகுந்து சரத்தை அறுக்கும். உயிர் கடலில் தோன்றியது என்று பள்ளியில் படித்துவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். உயிரின் தோற்றத்தை ஆராயும் வேதியியலாளர்களுக்கோ இது தீராத தலைவலி.

அதற்காகத் தண்ணீரை வில்லனாக்கிவிடவும் முடியாது. நீர் மூலக்கூறு நேர்க்கோடாக இல்லாமல் 104.5 டிகிரியில் வளைந்திருக்கிறது. ஆக்சிஜன் எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் அந்தப் பக்கம் சற்று எதிர்மின்னாகவும், ஹைட்ரஜன் பக்கம் சற்று நேர்மின்னாகவும் ஆகிவிடுகிறது. ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் இன்னொன்றின் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கிறது. இந்த ஹைட்ரஜன் பிணைப்புகள் நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் அறுந்து மீண்டும் உருவாகிக்கொண்டே இருக்கின்றன. இவை இல்லாவிட்டால் தண்ணீர் நம் அறை வெப்பத்தில் ஆவியாகத்தான் இருந்திருக்கும். அதே குடும்பத்தைச் சேர்ந்த, அதைவிடக் கனமான ஹைட்ரஜன் சல்ஃபைடு மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது.

சரி, ரசத்தின் மேல் எண்ணெய் ஏன் துளித்துளியாகத் திரள்கிறது? எண்ணெய்க்குத் தண்ணீர் மேல் வெறுப்பு என்று சொல்வது வழக்கம். உண்மையில் வேலையைச் செய்வது தண்ணீர்தான். எண்ணெயைச் சுற்றி நிற்கும் நீர் மூலக்கூறுகளுக்கு இஷ்டப்படி திரும்ப வழியில்லை. எண்ணெய் ஒன்றாகத் திரண்டால் அப்படி மாட்டிக்கொள்ளும் மூலக்கூறுகள் குறையும். ஒரு முனை நீரோடு ஒட்டுவதாகவும், நீண்ட வால் ஒட்டாததாகவும் உள்ள கொழுப்பை நீரில் போட்டால், இதே காரணத்தால் வால்கள் உள்ளே ஒதுங்கி இரட்டை அடுக்குச் சவ்வு உருவாகிறது. யாரும் கட்டவேண்டியதில்லை. 1969-இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் விழுந்த விண்கல்லிலிருந்து பிரித்த பொருள்களே நீரில் சிறு பைகளாகச் சுருண்டதை உயிரின் தோற்றத்தை ஆராயும் டேவிட் டீமர் 1985-இல் காட்டினார். செல்லின் சவ்வு தண்ணீரின் இலவசப் பரிசு என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் பைக்குள் இருக்கவேண்டிய சரக்கு? ஆர்.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசினை 25 டிகிரி நீரில் விட்டால் சுமார் 340 ஆண்டுகளில் பாதி சிதைந்துவிடும். 100 டிகிரியில் 19 நாள் போதும். நம் உடம்பிலும் இதே கதைதான். ஒரு மனிதச் செல்லின் டி.என்.ஏ.விலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 10,000 எழுத்துகள் நீரால் அறுபட்டு விழுகின்றன. பழுதுபார்க்கும் நொதிகள் ஓயாமல் உழைப்பதால்தான் நாம் பிழைத்திருக்கிறோம். அந்தப் பழுதுபார்ப்பைக் கண்டறிந்ததற்காக டோமஸ் லிண்டாலுக்கு 2015-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. புரதம் கோர்க்கும்போதும் செல் முதலில் ஆற்றலைச் செலவழித்து அமினோ அமிலத்தைத் தயார்ப்படுத்துகிறது. அப்புறம்தான் செல்லுக்குள் புரதம் செய்யும் பட்டறையான ரைபோசோம் கோர்க்கிறது. 400 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த வசதி எதுவும் கிடையாது.

அப்போது எளிய வழி ஒன்றுதான்: காயவைப்பது. தண்ணீர் போய்விட்டால் வினை இணைக்கும் பக்கம் சாய்கிறது. 1950-களிலேயே சிட்னி ஃபாக்ஸ் உலர்ந்த அமினோ அமிலங்களைச் சூடாக்கிப் புரதம் போன்ற சரங்களைப் பெற்றார். டீமரும் அவரோடு ஆய்வு செய்யும் புரூஸ் டேமரும் சொல்லும் இடம் எரிமலை நிலத்து வெந்நீர்க் குட்டை. குட்டை வற்றும்போது கொழுப்புப் பைகள் அடுக்கடுக்காகப் படிகின்றன. இடையில் ஆர்.என்.ஏ. சரத்தின் கண்ணிகளான நியூக்ளியோடைடுகள் நெருங்கிச் சிக்கிக்கொண்டு இணைகின்றன. மறுபடி நீர் வந்தால் அடுக்குகள் உப்பி, சரத்தை உள்ளே வைத்த பைகளாகப் பிரிகின்றன. கொழுப்போடு சேர்த்துக் காயவைத்தும் நனைத்தும் ஆர்.என்.ஏ. போன்ற சரங்கள் உருவாவதை 2008-இல் டீமரின் குழு வெளியிட்டது. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சுதா ராஜாமணி. பின்னர் புனேயிலுள்ள ஐசர் (இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம்) என்ற நிறுவனத்தில் இதே துறையில் ஆய்வுக்குழு அமைத்தவர்.

எல்லோரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. அட்லாண்டிக் கடலடியில் 2000-இல் கண்டுபிடிக்கப்பட்ட ‘லாஸ்ட் சிட்டி’ என்ற வெந்நீர் ஊற்றுப் பகுதியில் பாறையோடு நீர் வினைபுரிந்து ஹைட்ரஜனைத் தொடர்ந்து கக்குகிறது. அங்குள்ள வெள்ளைச் சுண்ணாம்புக் கோபுரங்கள் 60 மீட்டர் வரை உயரம். இத்தகைய காரத்தன்மையுள்ள வெந்நீர் ஊற்றுகளில்தான் உயிர் தொடங்கியது என்பது மைக்கேல் ரஸல், நிக் லேன் போன்ற ஆய்வாளர்களின் கட்சி. கார ஊற்றுநீரும் அக்காலத்தின் சற்றே அமிலமான கடல்நீரும் சந்திக்கும் இடத்தில் இயல்பாகவே ஒரு புரோட்டான் ஏற்றத்தாழ்வு, அதாவது ஒரு பக்கம் புரோட்டான்கள் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும், இருக்கும். இன்றைய செல்களும் அதே ஏற்றத்தாழ்வை வைத்துத்தான் ஆற்றலைத் தயாரிக்கின்றன. வலுவான வாதம்தான். கடல்நீரின் உப்பு கொழுப்புப் பைகளைக் கெடுத்துவிடும் என்ற ஆட்சேபத்துக்கும் லேனின் குழு 2019-இல் பதில் சொன்னது: பலவகைக் கொழுப்புகள் கலந்திருந்தால் பைகள் தாக்குப்பிடிக்கின்றன. ஆனாலும் சரம் கோர்ப்பது எப்படி என்ற கேள்விக்கு, எனக்குப் பட்டவரையில், குட்டைக்காரர்களின் விடைதான் நேரடியானது.

இந்தச் சண்டையில் யார் ஜெயிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து நாம் உயிரைத் தேடும் இடமும் மாறும். சனியின் துணைக்கோளான என்செலடசில் பனிக்கடியில் கடலே இருக்கிறது. ஆனால் காய்வதற்கு இடமில்லை. செவ்வாயில் நிலைமை வேறு. அங்கே கேல் பள்ளத்தில் 2021-இல் நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி சேற்று வெடிப்புகளைப் படமெடுத்தது. சேறு ஒருமுறை மட்டும் காய்ந்தால் வெடிப்புகள் ‘டி’ வடிவில் செங்குத்தாகச் சந்திக்கும். திரும்பத் திரும்ப நனைந்து காய்ந்தால் முனைகள் மெல்ல ‘ஒய்’ வடிவமாகி அறுகோணங்கள் உருவாகும். கியூரியாசிட்டி கண்டவை அறுகோணங்கள்.