முகத்தைப் பார்த்து வாங்கிய வெள்ளி

நகைக் கடனுக்கு வருகிறவர்களில் பலர், சங்கிலியை என் கையில் தரும் முன்பே கொக்கியைத் திருப்பிக் காட்டுவார்கள். "கே.டி.எம். நகை சார்" என்பார்கள். உரைகல்லில் தேய்த்து அமிலம் விட்டுப் பார்த்தால் மாற்று, அதாவது தங்கத்தின் தூய்மை, குறைவாக நிற்கும். கே.டி.எம். என்பது காட்மியம் கலந்து பற்றவைத்ததைக் குறிக்கும் வழக்கு. தங்கத்தின் மாற்றைப் பற்றி அந்த மூன்று எழுத்துகள் எதுவும் சொல்வதில்லை. முத்திரை இருந்தால் போதும் என்ற நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இத்தாலியின் ஒரு சின்னஞ்சிறு குறுநிலத்தின் கதையைத்தான் நான் சொல்வது வழக்கம்.

டஸ்கனியின் வடமேற்கு மூலையில், லூனிஜானா மலைப்பகுதியில் இருக்கிறது ஃபோஸ்டினோவோ. மலைமுகட்டில் ஒரு கோட்டை, அதைச் சுற்றி ஓர் ஊர். ஆண்டவர்கள் மலஸ்பீனா குடும்பத்தார். லொம்பார்டு சட்டப்படி மகன்கள் எல்லோருக்கும் சொத்தில் பங்கு உண்டு. 1221இல் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளையின் சின்னம் காய்ந்த முட்செடி, மற்றதன் சின்னம் பூத்த முட்செடி. அதன்பின் தலைமுறைக்குத் தலைமுறை பாகம் பிரித்துப் பிரித்து, பள்ளத்தாக்குக்கு ஒரு மார்க்கி (குறுநிலப் பிரபு) என்ற நிலை வந்தது. பூத்த முள் கிளையைச் சேர்ந்த ஸ்பினெட்டா மலஸ்பீனாவின் கைக்கு 1340இல் ஃபோஸ்டினோவோ வந்தது. கோட்டையில் இன்றும் 'டான்டேயின் அறை' என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். மலஸ்பீனாக்கள் 1306இல் கவிஞர் டான்டேக்கு ஆதரவு தந்தது உண்மைதான். ஆனால் கோட்டை இந்தக் குடும்பத்தின் கைக்கு வருவதற்கு 19 ஆண்டுகள் முன்பே, 1321இல், அவர் இறந்துவிட்டார். பெயர்ப்பலகையைச் சரிபார்ப்பது என் தொழில்புத்தி, மன்னிக்கவும்.

ஊர் சிறியது; உரிமை பெரியது. ஃபோஸ்டினோவோ புனித ரோமப் பேரரசருக்கு நேரடியாகக் கட்டுப்பட்ட நிலம். அக்கம்பக்கத்து ஜெனோவாவோ ஃபுளோரன்ஸோ அதன் மார்க்கியை நேரடியாக அதட்ட முடியாது. இப்படிப்பட்ட குறுநிலங்கள் சிலவற்றுக்குச் சொந்த நாணயம் அடிக்கும் உரிமையும் இருந்தது. அந்த உரிமைக்கு 1660களில் திடீரென்று விலை ஏறியது.

காரணம் ஒரு சிறிய பிரெஞ்சு வெள்ளிக்காசு. எக்யூ நாணயத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, எடை 2 கிராமுக்குச் சற்று மேல். இத்தாலியர்கள் அதை லூயிஜினோ என்றார்கள். துருக்கியச் சுல்தானின் நாட்டில் அதற்கு ஏகப்பட்ட மவுசு. அழகான அச்சு, நல்ல வெள்ளி. பெண்கள் அதைத் துளையிட்டு ஆடையிலும் தலையிலும் அணிந்தார்கள் என்கின்றன பயணக் குறிப்புகள். பதினான்காம் லூயியின் ஒன்றுவிட்ட சகோதரி, தோம்ப் சிற்றரசின் இளவரசி, தன் முகத்துடன் அடித்த காசுக்குத் தனி வரவேற்பு. வாங்கியவர்கள் பார்த்தது முகத்தை.

அதைத்தான் குறுநிலங்கள் பிடித்துக்கொண்டன. ஃபோஸ்டினோவோவில் மார்க்கி பாஸ்குவாலேயின் மனைவி மரியா மத்தலேனா செந்தூரியோனி பெயரில் காசு வந்தது. தசரோலோவில் ஸ்பினோலா குடும்பத்து லிவியா, தோரில்யாவில் தோரியா குடும்பத்து வியோலாந்தே. எல்லாக் காசிலும் ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம், மறுபுறம் கிரீடம் வைத்த கேடயம். பெட்டி பெட்டியாகக் கப்பலேறின.

கவனிக்க வேண்டிய இடம் இது. அசல் பிரெஞ்சுக் காசில் வெள்ளி பன்னிரண்டில் பதினொரு பங்கு. நம் பழக்கத்தில் சொன்னால் 916. இந்தக் குறுநிலக் காசுகள் சிலவற்றின் விளிம்பைச் சுற்றி 'தரம் ஐந்து அவுன்ஸ்' என்று லத்தீனில் வெட்டியிருக்கிறது. பன்னிரண்டு அவுன்ஸுக்கு ஐந்து அவுன்ஸ் வெள்ளி; அதாவது ஆயிரத்துக்கு 417. மாற்றைக் காசே ஒப்புக்கொள்கிறது! சட்டப்படி அடித்த காசு, சட்டப்படி எழுதிய தரம். துருக்கியின் இஸ்மீர் துறைமுகச் சந்தையில் அந்த லத்தீனை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? அடித்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். தரம் இன்னும் கீழே போன காசுகளும் வந்தன. 1669 வாக்கில் துருக்கிச் சந்தை விழித்துக்கொண்டது, வாங்க ஆளில்லை. கையில் வைத்திருந்தவர்களுக்குச் செம்புதான் மிச்சம். குறுநிலங்களை 1797இல் நெப்போலியன் காலத்து ஆட்சி ஒழித்துவிட்டது.

இன்றும் என் மேசைக்கு வரும் சில நகைகளில் 18கே750 என்று தெளிவாகவே இருக்கிறது. ஏமாற்று இல்லை. வாங்கியவர்தான் 22 காரட் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். லென்ஸ் வைத்துக் காட்டினால் முகம் மாறிவிடும். ஆகவே கடையிலேயே லென்ஸ் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். முக்கோண வடிவ பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, மாற்று எண், எண்ணும் எழுத்தும் கலந்த ஆறு இடக் குறியீடு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகை விற்பனைக்கு இந்தக் குறியீடு கட்டாயம். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைத் தட்டிப் பாருங்கள். நகையின் வகையும் மாற்றும் வரும். கையில் இருப்பது சங்கிலி, செயலி மோதிரம் என்கிறது என்றால், பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.