ஒற்றைக் கோடு விழுந்தால் டெங்கு இல்லையா?

மாரி தொடங்கிவிட்டால் கிளிநொச்சிப் பக்கம் எங்கள் ஆய்வுகூட வாசலில் காய்ச்சல்காரர்தான் அதிகம். டெங்கைக் கண்டறியும் என்எஸ்1 குருதிச் சோதனை முடிந்ததும் அம்மாமார் கேட்பது ஒன்றுதான்: "பிள்ளை, ஒற்றைக் கோடுதானே, அப்ப டெங்கு இல்லைத்தானே?" வாசலில் நின்றபடி அரை நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வியல்ல இது.

பெரும்பாலான சோதனைப் பட்டிகளில் சிவப்பாகத் தெரிவது சாயம் அல்ல, தங்கம். மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் அதில் 20 முதல் 40 பங்கு அளவான துகள்கள். அந்த அளவுக்குச் சிறுத்த தங்கத்தில் இலத்திரன்கள் ஒளியோடு சேர்ந்து அதிர்ந்து பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். எங்கள் கண்ணுக்குச் சிவப்பு மிஞ்சும். மைக்கேல் பரடே 1857இலேயே இந்தச் சிவப்பைப் பற்றிப் பேசியிருக்கிறார். துகள்களில் ஒட்டியிருக்கும் பிறபொருளெதிரிகள் (கிருமியின் பொருளைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள்), வைரசு குருதியில் விடும் என்எஸ்1 புரதத்தைப் பிடித்துக்கொண்டு பட்டியில் நகரும். சோதனைக் கோட்டில் அவை சிக்கினால் இரண்டாவது கோடு மயிரிழை போல எழும். எப்போதும் விழும் அந்த ஒற்றைக் கோடு, பட்டி வேலை செய்கிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது.

என்எஸ்1 காய்ச்சலின் முதல் சில நாட்களில்தான் நன்றாகத் தெரியும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு வந்தால் பட்டி பேசாமல் இருக்கலாம். முன்பு ஒருமுறை டெங்கு வந்தவருக்கு, உடம்பில் ஏற்கெனவே உள்ள பிறபொருளெதிரிகள் அந்தப் புரதத்தை மூடி மறைத்துவிடலாம். இரண்டாம் முறை வரும் டெங்குதான் கடுமையாகும் வாய்ப்புக் கூடியது. பட்டி கூடுதலாகத் தவறவிடுவதும் அதைத்தான். எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான். பட்டிகளைப் பொதுவாக 30 பாகை செல்சியசுக்கு மேலான வெப்பத்தில் வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வன்னி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே கிடந்த பெட்டியை நான் நம்பமாட்டேன்.

மருந்து? டெங்கு வைரசையே தாக்க அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்னும் இல்லை. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகமும் ஜான்சென் நிறுவனமும் சேர்ந்து, வைரசு பெருகத் தேவையான என்எஸ்3, என்எஸ்4பி என்ற இரு புரதங்கள் இணைவதைத் தடுக்கும் மூலக்கூறுகளை உருவாக்கின. 2021இல் எலிகளில் கிடைத்த பலன் வெளியானது. அந்த வரிசையில் வந்த மோஸ்னோடென்விர் மனிதரில் சோதிக்கப்பட்டது. 2024இல் நிறுவனம் அந்தச் சோதனையை நிறுத்தியது. பாதுகாப்புக் குறைபாட்டால் அல்ல, தன் முன்னுரிமைகளை மாற்றியதால். நுளம்புக்கடியில் வாழும் எங்களுக்கு இது சின்ன இழப்பில்லை.

ஆகவே இன்றைக்கு ஓய்வும் நீராகாரமும் அளவாக பனடோலும்தான். அஸ்பிரின் வேண்டாம். அது, குருதி உறைய உதவும் குருதிச் சிறுதட்டில் உள்ள ஒரு நொதியை நிரந்தரமாக முடக்கிவிடும். சிறுதட்டுக்குக் கரு இல்லாததால் புது நொதி செய்ய முடியாது. அது வாழும் ஏழு முதல் பத்து நாளும் முடங்கியே கிடக்கும். ஏற்கெனவே சிறுதட்டுக் குறைகிற நோயில் இது எவ்வளவு ஆபத்து! உடம்பு நோவுக்கென்று கடையில் வாங்கும் இபுபுரோபன், டிக்ளோபெனாக் குளிசைகளும் வேண்டாம்.

காய்ச்சல் விட்டதும் வயற்பக்கம் போய்விடாதீர்கள். குருதிக் குழாயிலிருந்து நீர் கசிவது அநேகமாக அப்போதுதான். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, கைகால் குளிர்தல், சலம் குறைதல், எங்கிருந்தாவது குருதி கசிதல்: எது கண்டாலும் ஒற்றைக் கோட்டு அறிக்கையைப் பார்த்துக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எங்களிடம் வரும்போது காய்ச்சல் தொடங்கிய நாளையும் நேரத்தையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். பட்டி என்ன சொன்னாலும் மூன்றாம் நாள் முழுக் குருதி எண்ணிக்கையைச் செய்வியுங்கள்.