வசம்புத் தொட்டியில் பூத்த ஐரிஸ்

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பிறை ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஆரஞ்சு நிறத்தில் ஆறு இதழ், இதழ் முழுக்கச் செம்புள்ளி. கூடவே குழந்தையின் அம்மாவின் குரல் பதிவு: "அண்ணே, எங்க வீட்டு வசம்பு பூத்திருக்கு. கெழங்கு எடுக்கலாமா? பாப்பாவுக்கு நாப்பது நாளாச்சு. அத்தை உரைச்சு நாக்குல தடவணும்ங்கிறாங்க."

செடிகளை அடையாளம் காண்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. பதில் எழுதிக்கொண்டிருக்கவில்லை, உடனே கூப்பிட்டேன். "கெழங்கைத் தொடாதீங்க. அது வசம்பு இல்ல, ஐரிஸ்னு ஒரு பூச்செடி."

சனிக்கிழமை பெர்ரி ஏறி அக்கரை போனேன். தொட்டி மாடி நடையில் இருந்தது. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 'ஜெராங்காவ்' என்று சொல்லி விற்றார்களாம். மலாயில் வசம்புக்கு அதுதான் பெயர். வாள் போன்ற இலைகள் ஒன்றை ஒன்று கவ்வி, விசிறி விரித்தாற்போல் நின்றன. பூக்காத நேரத்தில் பார்த்திருந்தால் நானும் ஒரு கணம் தடுமாறியிருப்பேன். வசம்பு இலையும் இப்படித்தான் அடுக்கிக்கொண்டு நிற்கும். ஐரோப்பாவின் மஞ்சள் ஐரிஸ் ஒன்றுக்கு 'சூடாகோரஸ்', அதாவது போலி வசம்பு என்றே பெயர்.

ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி அவள் மாமியாரிடம் நீட்டினேன். வசம்பு இலையைக் கசக்கினால் வாசம் விரலை விட்டுப் போகாது. மோந்து பார்த்துவிட்டு, "புல்லு வாசந்தான் தம்பி வருது" என்றார். வசம்பு பூத்தாலும் பூத்ததே தெரியாது. இலை மாதிரியான தண்டின் பக்கத்தில் விரல் பருமனில் மஞ்சள் கலந்த பச்சைக் கதிர் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

பூ ஒன்றைப் பறித்து பிளேடால் நெடுக்காகக் கீறினேன். மகரந்தத் தாள் மூன்று. சூலகம் இதழ்களுக்குக் கீழே. இலை ஒன்றை ஒன்று கவ்வும் அடுக்கையும் சேர்த்தால் ஐரிஸ் குடும்பத்தை அநேகமாக அடையாளம் கண்டுவிடலாம். (சூலகம் இதழ்களுக்கு மேலே இருக்கும் ஒரே ஒரு உறவு டாஸ்மேனியாவில் உண்டு. அது குடும்ப மரத்தில் மற்ற எல்லாரையும் விட்டு முதலில் பிரிந்த கிளை.) 2,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ள பெரிய குடும்பம் இது. பால் பாயசத்தில் போடும் குங்குமப்பூவும் இதில்தான் சேரும். சந்தையில் சிவப்பாக விற்கும் பாவாங் டாயாக் கிழங்கும் வெங்காயச் சாதி இல்லை, இதே குடும்பம்தான். போர்னியோவின் கினபாலு மலையில்கூட ஒரு சொந்தக்காரர் காடாக வளர்கிறார்.

வசம்புக்கு இந்த வீட்டோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒற்றை வித்திலைத் தாவரங்களின் மரத்தில் முதலில் பிரிந்து தனியே போன கிளை அது. அந்தக் கணக்கில் தொட்டியில் நின்ற செடிக்கு வசம்பைவிட நெல்லும் தென்னையும் நெருங்கிய உறவு. வசம்பும் ஐரிஸும் தனித்தனியே வாள் இலை வடிவத்துக்கு வந்து சேர்ந்தன. இலையை மட்டும் பார்த்து மருந்து எடுக்கிறவர்களுக்கு இங்கேதான் வினை.

இந்தச் செடியின் கதையே பெயர்க் குழப்பம்தான். செடிகளுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1753-இல் ஒரே செடிக்கு இரண்டு பெயர் வைத்தார். ஒன்றில் இது ஆர்க்கிட்! பிறகு 'பெலம்கண்டா' என்ற பெயர் நிலைத்தது, அது மலபார்க் கரையில் கேட்டு எழுதிய சொல். ஐரிஸ் என்று யாரும் இதைச் சேர்த்துக்கொள்ளாததற்குக் காரணம் பூதான். வழக்கமான ஐரிஸ் பூவில் மூன்று இதழ் நிமிர்ந்தும் மூன்று தொங்கியும் நிற்கும், சூல்தண்டே இதழ் மாதிரி விரிந்திருக்கும். இதில் ஆறும் ஒரே சாயல். ஆனால் டி.என்.ஏ.வை வரிசைப்படுத்திப் பார்த்தபோது இது ஐரிஸ்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருந்தது. பூவைப் பார்த்தால் சம்பந்தமே இல்லாத ஐரிஸ் டைகோட்டோமா என்ற இனத்தோடு கலந்து விதையும் பிடிக்கிறது. 2005-இல் 'ஐரிஸ் டொமஸ்டிகா' ஆனது. பூந்தோற்றம் சீக்கிரம் மாறிவிடுகிறது, அதை வைத்து உறவு சொல்லப் போய்த்தான் நாங்கள் இவ்வளவு காலம் ஏமாந்தோம். தொங்கும் இதழில் மயிர்க் கற்றை (தாடி) இல்லாத ஐரிஸ்களில் பலவற்றைப் போட்டு வைத்த 'லிம்னிரிஸ்' என்ற பெட்டியும் டி.என்.ஏ. வந்தபின் ஒரே கிளையாக நிற்கவில்லை.

மாமியாருக்கு இந்தக் கதையெல்லாம் வேண்டியிருக்கவில்லை. "அப்ப கொடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றார். ஐரிஸ் கிழங்குகள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கக்கூடியவை. நாற்பது நாள் குழந்தைக்கு உடம்பில் நீர் வற்றினால் அது சின்ன விஷயம் இல்லை என்றேன். சீன மருந்துக் கடைகளில் இதே கிழங்கு தொண்டைக்காக விற்கிறது என்பது உண்மை. அங்கே வைத்தியர் பெரியவர்களுக்கு அளந்து கொடுக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. அசல் வசம்பே கிடைத்தாலும் கைக்குழந்தையின் நாக்கில் தடவாதீர்கள். அதில் பீட்டா-அசரோன் என்ற தீங்கான பொருள் இருக்கிறது. வசம்பை உணவில் சேர்ப்பதை அமெரிக்கா 1968-லேயே தடை செய்தது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் போதும், வயிறு உப்பினால் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். கையில் வளையலாகக் கட்டுவதும் குழந்தை வாய்க்குள்தான் போகும். இதைச் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது. மூன்று பிள்ளைகளை அதைக் கொடுத்துத்தான் வளர்த்தாராம். நான் வாதாடவில்லை. மருமகள்தான், "இந்தப் பிள்ளைக்கு வேணாம் அத்தை" என்றாள்.

கிளம்பும்போது, "வசம்பைப் பேர் சொல்லாததுன்னுதான் நாங்க சொல்லுவோம். இதுக்கு என்ன பேருன்னு சொன்னே?" என்று கேட்டார். பெலம்கண்டா என்றேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். தொட்டி இப்போது பாப்பாவின் கைக்கு எட்டாத சன்னல் கம்பியில் தொங்குகிறது. காய் வெடித்துக் கறுப்பு விதைகள் கொத்தாகத் தெரிகிறதாம், நேற்று படம் அனுப்பியிருந்தார்கள்.