‘நீரியல் இணைப்பு’ வேண்டாம், பூட்டுவாய் போதும்

பழைய உழவு இயந்திரங்களின் பராமரிப்புப் பற்றிய துண்டுப் பிரசுரம் ஒன்று மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் கைமாறிக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு வரி: “தேய்ந்த நீரியல் இணைப்புகளைத் துண்டித்து மாற்றீடு செய்க.” நீர்க்கட்டணம் கட்டாதவருக்கு வந்த அறிவித்தல் மாதிரி இருக்கிறது. சொல்ல வந்தது ஹைட்ரோலிக் கப்ளிங்கைத்தான். கொட்டும் பெட்டியைத் தூக்குகிற ஓஸை, அதாவது ஒயில் ஓடும் இறப்பர்க் குழாயை, இயந்திரத்தின் பின்புறம் கொண்டுபோய்ச் செருகுகிறோமே, அந்த வாய்.

கிரேக்கத்தில் ‘ஹைடோர்’ தண்ணீர், ‘அவுலோஸ்’ குழல். தண்ணீரின் விசையால் காற்றூட்டி வாசித்த ஓர் இசைக்கருவிக்குத்தான் முதலில் அந்தப் பெயர். கப்ளிங், லத்தீன் ‘கோப்புலா’ வழி வந்தது. பிணைப்பு என்று பொருள். வேர்க்கதை இவ்வளவு போதும்.

இனி ‘நீரியல்’. சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்துக்கு எவ்வளவு மழைநீர் வந்து சேர்கிறது என்று கணக்கிடும் துறைக்கு அந்தச் சொல் பொருந்தும். இந்த ஓஸில் ஓடுவதோ ஒயில். அதில் தண்ணீர் கலந்தால் ஒயில் வெளுத்துக் கலங்கும், பம்பும் கெடும். வேரிலேயே தண்ணீர் இருக்கிறதே என்று வாதாடுகிறவர்கள் உண்டு. சரி, அப்படியானால் குழலை ஏன் விட்டீர்கள்? திரவம், அமுக்கம் இரண்டும் பள்ளிக்கூடத்திலேயே படித்த சொற்கள். ‘திரவ அமுக்க’ என்று எழுதினால் யாருக்கும் விளங்கும்.

‘இணைப்பு’ அதைவிட மோசம். மின்சாரம், இணையம், கடிதத்தோடு வரும் தாள் எல்லாவற்றுக்கும் அதுதான் பெயர். போதாததற்கு, இயந்திரத்துக்குள்ளே இரண்டு சக்கரங்கள் தொடாமலே ஒயில் வழியாகச் சுழற்சியைக் கடத்தும் வேறோர் உறுப்புக்கும் ஆங்கிலத்தில் ஹைட்ரோலிக் கப்ளிங் என்ற இதே பெயர் வழங்குவதுண்டு. அதை மாற்ற இயந்திரத்தையே பிரிக்க வேண்டும். நமது கப்ளிங்கோ கையால் கழற்றிப் பூட்டுவது. வளையத்தைப் பின்னுக்கு இழுத்தால் உருக்குக் குண்டுகள் பள்ளத்திலிருந்து விலகும், முனை கழன்றுவிடும், உள்ளே அடைப்பு மூடி ஒயிலை நிறுத்தும்.

பூட்டவும் அவிழ்க்கவும் முடிகிற ஒன்றுக்கு நம்மிடம் சொல் இல்லையா? ஏர் பூட்டினோம், மாடு பூட்டினோம், வண்டி பூட்டினோம். செருகப்படும் பக்கம் பூட்டுவாய், செருகும் பக்கம் பூட்டுமுனை. “பூட்டு என்றால் திறப்பு எங்கே?” என்று ஒரு நண்பர் சிரித்தார். வண்டி பூட்டுகிறவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கராஜில் கப்ளிங் என்றே சொல்லட்டும், எனக்கு ஒரு கோபமும் இல்லை. தமிழில் அச்சடிக்கிறவர்தான் விளங்குகிற தமிழில் அச்சடிக்க வேண்டும்.

அதே பிரசுரம், கப்ளிங்கைத் திருகிப் பொருத்தும் பகுதியைப் பற்றி, “பொருத்தமான இழையுடையதைத் தெரிவு செய்க” என்கிறது. இழை சேலையில் இருப்பது. திருகாணியில் சுற்றிச் சுற்றி ஓடுவது புரி. வலம்புரிச் சங்கை அறிந்த ஊரில் இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. அரை அங்குலத்தில் பிரித்தானியக் குழாய்ப்புரிக்கும் அமெரிக்கக் குழாய்ப்புரிக்கும் அங்குலத்துக்கு 14 சுற்றுத்தான். புரியின் கோணம் மட்டும் பிரித்தானியத்தில் 55 பாகை, அமெரிக்கத்தில் 60. அதனால் மாறிப் போட்டாலும் சில சுற்று ஏறும், பிறகு இறுகும், அமுக்கம் வந்ததும் ஒழுகும். பழைய இயந்திரத்தில் முன்பு யார் எதை மாட்டினார்கள் என்று தெரியாதபோது, கழற்றியதைக் கடைக்குக் கொண்டுபோய்ப் புரி அளந்து வாங்குவதே வழி. கழற்றுமுன் எஞ்சினை நிறுத்தி, தூக்கியதை இறக்கி, நெம்புகோலை அசைத்து அமுக்கத்தை விடவேண்டும் என்பதையும் பிரசுரம் எழுதவில்லை.